அக்காவின் மூச்சும் குமிழைத் திருப்பிய தம்பியும்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஒரு பேருந்து நடத்துனர். ஆஸ்பத்திரி மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று அவருக்கே குழம்பியது. அதை நேர்செய்யத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது நானும் குழம்பியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "பஞ்சாலையில் பாதி ஆயுளைக் கழித்த அக்காவின் மூச்சுக்குழாய்கள்..." (வேண்டாம். ஆஸ்பத்திரிச் சுவரொட்டி போலிருக்கிறது.)

2

இப்படித் தொடங்கலாம். பேருந்து நெரிசலில் யாரோ தும்மி, நடத்துனரான தம்பிக்கு ஜலதோஷம் பிடித்தது. அவருக்கு மூக்கு ஒழுகியதோடு சரி. அதே கிருமி அக்காவுக்குத் தொற்றியதும் மார்புக்குள் இறங்கியது. பஞ்சுத் தூசியில் ஏற்கெனவே சுருங்கிப்போன மூச்சுக்குழாய். மூச்சிரைப்பு இன்ஹேலருக்கும் அடங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்கா."

"சளிக்கெல்லாமா? நீ வேலைக்குப் போடா."

போனார். (இங்கே அவரைத் திட்டி ஒரு வாக்கியம் எழுதி, அடித்துவிட்டேன். அக்கா பேச்சைத் தட்டிப் பழகாதவர்.)

3

மாலையில் திரும்பினால், அக்கா கைகளை முழங்காலில் ஊன்றி மூச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் உண்டு. இதைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் ஓர் அளவு சொல்லியிருந்தார். தம்பி ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது வரும்வரை சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. இயந்திரத்தின் குமிழை அந்த அளவுக்கு மேலே திருப்பினார்.

உதட்டின் நீலம் குறைந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அக்காவின் கண்கள் செருகின.

"நீங்க யாரு?"

"நான்தாங்கா."

"என் தம்பி டியூட்டிக்குப் போயிருக்கான். வந்ததும் சாப்பிடச் சொல்லுங்க. நான் தூங்குறேன்னு சொல்லுங்க. பயந்துடுவான்."

அவர் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? அழுதார் என்று எழுதினேன். பொய். பயணிக்குச் சொல்வது போல, "சரிம்மா, சொல்லிடறேன்" என்றாராம்.

4

ஆஸ்பத்திரியில் முகக்கவசம் மாட்டி, காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினார்கள். குமிழைத் திருப்பியதை அவரே டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டார்.

"இந்த நோயில சிலருக்கு ஆக்ஸிஜன் அதிகமானா கெட்ட காத்து உள்ளேயே தங்கிடும். அதனாலயும் புத்தி தடுமாறும். ஆனா நீலமா விட்டிருந்தாலும் ஆபத்துதான்."

"அப்போ நான் செஞ்சது தப்பா, சரியா?"

"கிருமி செஞ்சது எவ்வளவு, நீங்க செஞ்சது எவ்வளவுன்னு பிரிக்க முடியாதுங்க."

(இந்த இடத்தில் கதை எனக்குத் தெளிந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.)

5

அக்கா பிழைத்துக்கொண்டார். கவசத்தைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வி: "அன்னைக்கு வீட்டுக்கு ஒருத்தர் வந்தாரே, தங்கமான மனுஷன். யாருடா அது?"

மருந்து வாங்கி வருகிறேன் என்று தம்பி எழுந்து வந்துவிட்டார். "என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்று மருந்துக் கடை வரிசையில் என்னைக் கேட்டார். அதற்குள் அவர் முறை வந்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

'நான்தாங்கா' என்று எழுதிப் பார்த்தேன். அப்படியானால் ஜலதோஷத்தில் தொடங்கிக் குமிழ்வரை சொல்லியாக வேண்டும். 'பக்கத்து வீட்டுக்காரர்' என்றால், நடக்கத் தெம்பு வந்ததும் அக்கா நன்றி சொல்லக் கிளம்பிவிடுவார்.

அதனால் தம்பியைக் கட்டிலருகே நிறுத்திவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் என்றால், என்ன சொல்வீர்கள்?