சிலாஸ் அங்கிளின் சாட்சி

அன்று காலை ஆராதனையில் நான் ஒரு ஜெபம்கூட உருப்படியாகச் செய்யவில்லை. மத்தியானம் சபை ஹாலில் கரோலின் எடுத்த படத்தைப் போடப்போகிறார்கள். அந்தப் படத்தின் கதாநாயகன் நான். பெருமையில் மிதந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், மத்தியானத்துக்குள் கரண்ட் போய்விடாதா என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் ஆலனும் என் ஆம்னி வேனில் ஸ்ரீசைலம் காட்டுப் பாதையில் போனோம். தெலுங்கு நாட்டுக்குப் பிழைக்க வந்த எங்கள் இரண்டு பேருக்கும் குஷாய்குடாவில் ஒரே தொழிற்சாலை, ஒரே செக்‌ஷன். வண்டி சூடாகிவிட்டதென்று ஓரங்கட்டினோம். ஆலன் தண்ணீர்க் கேனோடு முதலில் இறங்கினான். நான் உள்ளே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். புதருக்குள்ளிருந்து சிறுத்தை வருவதை இரண்டு பேரும் பார்த்தோம். ஆலன் கதவைப் பார்த்து ஓடிவந்தான். நான் கதவை இழுத்துச் சாத்தி லாக்கை அழுத்தினேன். யோசித்துச் செய்தேனா என்று கேட்டால், இல்லை, கை தானாகச் செய்தது. ஆனால் அது என் கைதானே! எதிரே வந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்ததில் அது கவ்வியிருந்த ஆலனின் தோளை விட்டுவிட்டு ஓடியது. அதற்குப் பிறகுதான் நான் கதவைத் திறந்தேன். இன்றைக்கும் அவனுக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பாது.

அவன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். ஆபத்துக்குத் தப்பினவர் எழுந்து நின்று, கர்த்தர் செய்ததைச் சபைக்குச் சொல்ல வேண்டும், அது எங்கள் வழக்கம். “கதவைத் திறந்து ஆலனை உள்ளே இழுத்தேன், கர்த்தர் என் கைக்குப் பலம் கொடுத்தார்” என்று சொல்லிவிட்டேன். பாவி, பொய்க்குக் கர்த்தரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். சபை மொத்தமும் “ஸ்தோத்திரம்” என்றது. ஆலன் தேறி வருவதற்குள் கதைக்குக் கண் மூக்கெல்லாம் வைத்தாகிவிட்டது. அவன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. வருஷா வருஷம் அறுப்புப் பண்டிகைக்கு “அண்ணே, அந்தச் சிறுத்தை சாட்சி” என்பார்கள். நானும் வெட்கம் கெட்டு எழுந்து நிற்பேன்.

கரோலின் ஆலனின் மகள். அவளுடைய ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றது நான். எனக்கும் என் மனைவி டோரிஸுக்கும் பிள்ளை இல்லை. அவள்தான் பிள்ளை, அவளுக்கும் அங்கிள் என்றால் உயிர். எடிட்டிங் படித்தவள் சும்மா இருக்காமல் என் சாட்சியை நாற்பது நிமிஷப் படமாக எடுத்துவிட்டாள்.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். சிறுத்தை போதாதென்று கம்ப்யூட்டரில் ஒரு புலி. காட்டில் வண்டி நின்றுபோக, மூன்று சிநேகிதர்களை அது ஒளிந்து ஒளிந்து துரத்துகிறது. ஒருவன் சிலாஸ், அதாவது நான், ஒருவன் ஆலன். மூன்றாவதாக ஜாய்சன் என்று ஒருவன், நாங்கள் கேள்விப்பட்டே இராத ஆள். புலி பாய வரும்போது அந்த ஜாய்சன் கதவைச் சாத்தி லாக்கை அழுத்துகிறான். வெளியே ஆலன் கண்ணாடியைத் தட்டுகிறான்.

“ச்சீ! இவனெல்லாம் ஒரு மனுசனா?” என்றாள் பக்கத்தில் டோரிஸ். பாடகர் குழுப் பெண்கள் “நாசமாப் போவான்” என்று வாய்விட்டே சபித்தார்கள். படத்துச் சிலாஸ் அவனைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்ததும் ஹாலே கைதட்டியது. டோரிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம்போல் இருந்தது.

விளக்கைப் போட்டதும் கரோலினை ஓரமாகக் கூப்பிட்டேன். “யாரும்மா அந்த ஜாய்சன்? அப்படி யாரும் வரலியே? எதுக்கு அவன்?” எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக நானே உளறிக்கொண்டிருந்தேன்.

“காய்கு அங்கிள், எதுக்கு இவ்ளோ டென்ஷன்? அது சும்மா கேரக்டர். அப்பா ஐடியாதான். நான் கிளைமாக்ஸ்ல புலி அவனத் தின்ற மாதிரி எழுதியிருந்தேன், அப்பா நக்கோ, வேண்டாம்னுட்டார்.”

“ஏனாம்?”

“‘அவன் கெட்டவன் இல்லம்மா, பயந்தவன். அவன வீட்டுக்கு அனுப்பிரு’ன்னார். செம எமோஷனல், இல்ல?”

நான் பதில் சொல்வதற்குள் போதகர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார். சால்வை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முதல் வரிசையில் ஆலன் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான். இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு இறங்கினால் கரோலினுக்கு நான் சாகும்வரை அங்கிள்தான். அந்த ஆசை எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

“அந்த ஜாய்சன் நான்தான்” என்றேன்.

சிரித்தார்கள். “அண்ணனுக்கு எப்பவும் தாழ்மை” என்றார் போதகர்.

“தாழ்மை இல்ல ஐயா. பதினோரு வருசமா இந்தச் சபையில நின்னு பொய் சொல்லியிருக்கேன். வண்டியில இருந்தது நான் ஒருத்தன். லாக்கப் போட்டது நான். ஆலன காப்பாத்துனது லாரிக்காரன்.”

சிரிப்பு நின்றது. டோரிஸ் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன “ச்சீ” எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

“எலே சிலாஸ், போதும். இறங்குல” என்றான் ஆலன்.

கரோலின் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

“அப்பா தட்டினது உள்ள கேட்டுச்சா அங்கிள்?”

“கேட்டுச்சும்மா.”

“மூணு தடவ தட்டினேன்னு அப்பா சொன்னார். படத்துல அப்படித்தான் வச்சேன்.”

இதற்கும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். ஆலன் எனக்காக அந்தத் தட்டலை அவ்வளவு சின்னதாக்கி வைத்திருந்தான்.

“மூணு இல்லம்மா. லாரி வர்ற வரைக்கும் தட்டினான். என் பேரச் சொல்லிச் சொல்லித் தட்டினான்.”

ஆலன் குனிந்து வலது கையால் முகத்தை மூடிக்கொண்டான். பதினோரு வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.