படி எத்தனை?

எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பைத்தியம் தெளிந்ததா இல்லையா என்பதை ஒரே ஒரு கேள்விதான் முடிவு செய்யும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா நோயாளியைக் கூடத்தில் உட்காரவைத்துக் கேட்பார்:

"ஆத்துல இன்னைக்கு எத்தன படி தெரியுது?"

படித்துறையில் மொத்தம் பதினெட்டுப் படிகள். தண்ணீருக்கு மேலே தெரிகிற படிகளைச் சரியாகச் சொல்லிவிட்டால், அப்பா "தெளிஞ்சிட்டு" என்பார். வைத்தியர் சிவசண்முகம் பிள்ளை வாக்கு என்றால் மேற்கே அம்பாசமுத்திரம் வரைக்கும் செல்லும். தப்பாகச் சொன்னவர்கள் அறைக்குத் திரும்பி அடுத்த மாதத்துக்குக் காத்திருக்க வேண்டும். தாத்தாவும் இதே கேள்வியைத்தான் கேட்டாராம்.

முன்கட்டில் தெருவைப் பார்த்து ஆறு அறைகள் உண்டு. பங்குனி வெயில் ஏறியதும் வண்டிகள் வரத் தொடங்கும். குற்றாலத்துச் சாரல் ஓயும்வரை ஓர் அறை காலியானால் மறுநாளே ஆள் வந்துவிடும். ஐப்பசி பிறந்தால் மழை. பாதை முழுக்கச் சேறு. தலைக்குக் குளிர்ச்சி ஆகாது என்று யாரையும் புதிதாகக் கூட்டி வரமாட்டார்கள். தை வரைக்கும் அப்படித்தான். ஆனாலும் அந்த மாதங்களில் எங்கள் வீட்டுப் பானை காய்ந்ததில்லை. நோயாளிகளுக்கு அவரவர் வீட்டிலிருந்து வருகிற நெல்லில்தான் நாங்களும் சாப்பிட்டோம்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு, அறைகளுக்குக் கஞ்சி கொண்டு போவது என் வேலை. எனக்கு யாரோடும் பேச வராது. பேசாதவள் பக்கத்தில் நிற்பது பெரியவர்களுக்கு மறந்துபோய்விடும். அப்படித்தான் புரட்டாசிக் கடைசியில் அப்பா கொம்பையாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. கொம்பையா, முரண்டு பிடிக்கிற நோயாளிகளை அடக்கிப் பிடிக்கிறவர்.

"அடைமழைக்கு எத்தன பேரு இருக்காவ வே?"

"நாலு பேரு, ஐயா. அந்தப் பிரம்மநாயகி நல்லாத்தான் இருக்கா. இந்த வெள்ளிக்குக் கேட்டுப் பாத்திருவமா?"

"நாள் நல்லா இல்ல. பைய ஐப்பசியில கேட்டுக்கிடலாம்."

அந்த வெள்ளிக்கிழமையில் என்ன குறை என்று பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வந்தது. போன ஐப்பசியில் யாராவது தெளிந்து போனார்களா என்று யோசித்தேன். இல்லை. கார்த்திகையில்? இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. வெயில் காலத்தில் நோயாளிகளைத் தினமும் ஆற்றில் முழுகவைப்பார்கள். குளிக்கிறவர்களுக்குப் படி எத்தனை என்று தெரியாதா? ஐப்பசியில் வெள்ளத்துக்குப் பயந்து உள்முற்றத்துக் கிணற்றடியில்தான் குளிப்பாட்டல். ஆறோ அன்றைக்கு ஏறும், மறுநாள் இறங்கும். அறைக்குள் பூட்டிக் கிடக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்? புதிதாக யாரும் வராத காலத்தில், இருக்கிற யாரும் போகவும் முடியாது. கேள்வி மட்டும் மாறவே இல்லை. அதனால் அப்பாவை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இது அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அவர் சாப்பிடும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் பிடிபடாது.

பிரம்மநாயகிக்குப் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் செத்துப்போயிருந்தது. உறக்கம் இல்லாமல் தெருத்தெருவாகப் பிள்ளையைத் தேடினாள் என்று ஆனியில் கொண்டு வந்து விட்டார்கள். ஆவணிக்குள் உறக்கம் வந்துவிட்டது. புத்தி பிசகிய கோட்டிக்காரி மாதிரி ஒரு பேச்சும் அவளிடம் இல்லை. எனக்குப் பூத்தொடுக்கக்கூடக் கற்றுக்கொடுத்தாள். ஐப்பசி வெள்ளியில் அப்பா கேட்டபோது, முன்பு குளித்த ஞாபகத்தில் "பதினஞ்சு" என்றாள். அன்று ஒன்பதுதான் தெரிந்தது.

கார்த்திகை இரண்டாம் வாரம் அவளுடைய அண்ணன் குற்றாலலிங்கம் வந்து, கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

"ஒம் மாமனார் ஒம் புருசனுக்கு வேற பொண்ணு பாத்துட்டாரு தாயி. இருபத்தாறாந் தேதி முகூர்த்தம். வைத்தியர் வாக்கோட நீ வந்துட்டா நிறுத்துதேங்காரு. இல்லன்னா நிறுத்த மாட்டாரு. வார வெள்ளிக்கு நானும் வாரேன்."

அந்த வெள்ளியை விட்டால் அடுத்தது மார்கழியில்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தண்ணீர் எடுக்கப் போனேன். தெரிந்த படிகளை எண்ணினேன். ஏழு. இன்னொரு தடவையும் எண்ணிவிட்டு வந்தேன். கஞ்சிச் செம்பைக் கம்பிக்குள் நீட்டும்போது, "அக்கா, ஏழு" என்றேன்.

அவள் செம்பை வாங்காமல் என்னையே பார்த்தாள். "ஏளா, நீ பேசுவியா? ஊமைன்னுல்லா நெனச்சேன்."

"படி ஏழு. யாரும் கேட்டா அதச் சொல்லுங்க."

அவள் முகம் மாறியது. "அஞ்சு மாசமா வாய் தொறக்காதவ இன்னைக்கு எதுக்குத் தொறக்கா? உங்கய்யா அனுப்புனாரா?"

"இல்லக்கா."

"மழைக்காலத்துல நான் போயிட்டா யாருக்கு நஷ்டம்? எனக்கா?"

செம்பை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினேன். அதற்குள்ளும் ஏதோ சூது இருக்கிறது என்பதுபோல அவள் பார்த்தாள். செம்பை வாங்கிக் குடிக்காமல் ஓரமாக வைத்தாள்.

பதினொரு மணிக்குக் குற்றாலலிங்கம் நனைந்துகொண்டே வந்தார். கூடத்தில் அப்பா, அவருக்கு எதிரே பிரம்மநாயகி, தூணருகே அவள் அண்ணன், வாசற்படியில் கொம்பையா. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஆத்துல இன்னைக்கு எத்தன படி தெரியுது?"

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏழு என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் தலையை ஆட்டினேன். அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாதா?"

"என்னைய உள்ள வச்சுப் பூட்டியிருக்கிய. ஆறு வெளிய ஓடுது. எனக்கு எப்படித் தெரியும்? தெரியணும்னா போய்ப் பாத்துட்டு வந்துதான் சொல்லணும்."

அப்பா அவள் அண்ணனிடம் திரும்பினார். "பாத்தியளா? இன்னும் தெளியல. மார்கழியில பாப்போம்."

"இருங்க அண்ணாச்சி" என்றார் குற்றாலலிங்கம். "அவ சொன்னதுல என்ன கோட்டித்தனம் இருக்கு? எனக்குந்தான் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா கேக்கேன்? ஏழு. காலம்பற நானே பாத்தேன்."

"அப்ப வாங்க, பாத்திருவோம்."

அப்பா எழுந்திருக்கவில்லை. "மழை பெய்யுது" என்றார்.

"நான் சேரன்மாதேவியில இருந்து இந்த மழையிலதான் வந்திருக்கேன்."

வேறு வழியில்லாமல் அப்பா குடையை எடுத்தார். ஆண்கள் மூவரும் பின்வாசல் வழியாகப் போனார்கள். நான் மதில் ஓரமாக நின்று பார்த்தேன். மேற்கே மலையில் கொட்டிய மழை அதற்குள் எங்கள் துறைக்கு வந்துவிட்டிருந்தது. செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது தண்ணீர். குற்றாலலிங்கம் விரலை நீட்டிச் சத்தமாக எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலுதான் இருக்கு அண்ணாச்சி! ஒங்களயும் ஒரு அறையில போட்ருவமா?"

கொம்பையா வாய்விட்டுச் சிரித்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. முதல் தடவை பார்க்கிறவர் போல ஆற்றைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். தெரியாமல் செய்தவர் நிற்கிற நிற்பா, அகப்பட்டவர் நிற்கிற நிற்பா? அவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "தெளிஞ்சிட்டு. கூட்டிட்டுப் போங்க" என்றார். மாமனாருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வண்டி வாசலுக்கு வந்தது. துணி மூட்டையோடு அறையிலிருந்து வெளியே வந்த பிரம்மநாயகி என் எதிரே நின்றாள். அண்ணன் உற்சாகத்தில் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார்.

"நாலு படியாம்லா" என்றாள். "நீ ஏழுன்ன. நல்லவேள, ஒன்ன நான் நம்பல."

விடியற்காலையில் ஏழுதான் இருந்தது, நான் இரண்டு தடவை எண்ணினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அவள் மூட்டையை வண்டிக்குள் தள்ளினாள். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டாள். அவள் மடியில் அந்தக் கடிதம் இருந்தது. மழை படாமல் அதை முந்தானையால் மூடிக்கொண்டாள். இருபத்தாறாந் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

மறுநாள் காலையில் பக்கத்து அறைக்குக் கஞ்சி கொண்டு போனேன். அங்கே இருந்த இசக்கியம்மாவும், நேற்றுப் பிரம்மநாயகி என்னை நம்பவில்லை என்றதைக் கேட்டிருக்கிறாள். செம்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல நீ ஒரு மடக்குக் குடி" என்றாள்.

குடித்தேன்.