மீன் இல்லாத ஓடை

கடகடவென்று பொக்லைன் ஓடைக்கரையில் இறங்கும் சத்தம் கேட்டதுமே வெர்னா ஹிலேர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள். அடைமழை சாலையை உடைத்து, அடியில் ஓடைநீர் போக ஐம்பது வருஷமாகக் கிடந்த பழைய தகரக் குழாயை அடித்துக்கொண்டு போயிருந்தது. அதே அளவில் புதுக் குழாயைச் சாயங்காலத்துக்குள் புதைத்துவிடுவார்கள். புதைத்துவிட்டால், கடலிலிருந்து முட்டையிட வரும் சால்மன் மீன் இன்னொரு தலைமுறைக்கு மேலே ஏறாது.

மாவட்டத்தின் இணைய வரைபடத்தில் மீன் ஏறும் ஓடைகள் நீலம், ஏறாதவை சாம்பல். நீலம் என்றால் சாலைக்கடியில் அகலமாக வழி விட்டாக வேண்டும். சாம்பலுக்குக் குழாய் போதும். இந்த ஓடை சாம்பல். குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே மார்பு உயரத்தில் தொங்கியதால், துள்ளிய மீனெல்லாம் தகரத்தில் மோதி விழுந்தது. மேலே போய்த் தேடியவர்கள் மீனே இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பழங்குடி மீன்வள அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வெர்னா இதைச் சொல்லிச் சண்டை போடுகிறாள். வரைபடத்தைப் பாருங்கள் என்பதுதான் எப்போதும் பதில்.

இன்று குழாயே இல்லை. அவள் வண்டியைப் பொக்லைனுக்குக் குறுக்கே நிறுத்தி இறங்கினாள்.

பொக்லைன் ஓட்டும் லைல் ஹாகன் அவளோடு பள்ளியில் படித்தவன். எந்திரத்தை அணைத்துவிட்டுச் சிரித்தான்.

"இங்க மீன் இல்லன்னு வரைபடத்துல போட்டிருக்காமே. பாத்தியா?"

"நான் பாத்தேன். மீனுக்குத்தான் படிக்கத் தெரியாது."

அவள் நீட்டிய புகைபோட்ட சால்மன் துண்டை அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மென்றுகொண்டே, தனக்கு மதியம் வரைதான் பொறுமை என்றான். அதற்கு மேல் அலுவலகத்துக்குப் பதில் சொல்ல முடியாதாம்.

மதியமும் வந்தது. அவன் எந்திரத்தில் ஏறக் காலை வைத்தவன், அப்படியே நின்றான்.

"வெர்னா. உன் காலடியில பாரு."

சிவந்த விலாவும் வளைந்த மூக்குமாக கோஹோ வகை சால்மன் ஒன்று, உடைந்த சாலையின் கூழாங்கல்லில் வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலேயே இன்னொன்று. வெர்னா கணுக்கால் தண்ணீரில் இறங்கிக் கூடவே நடந்தாள். சாலையைத் தாண்டியதும் படம் எடுத்தாள். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து அந்தச் சாம்பல் கோட்டின் மேல் படத்தைப் பதித்தாள். மஞ்சள் புள்ளி ஒன்று விழுந்தது. பொதுமக்கள் பார்த்தது, இன்னும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

சற்று நேரத்தில் சாலைத்துறை அதிகாரி போனில் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். மஞ்சள் புள்ளியைச் சரிபார்க்க அடுத்த வாரம் ஆள் வருமாம்; குழாய் இன்றைக்கே போட்டாக வேண்டுமாம்; வழிதவறி வந்த ஒன்றிரண்டு மீனுக்காக வேலையை நிறுத்த முடியாதாம்; வண்டியை உடனே எடுக்க வேண்டுமாம். லைல் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை வண்டிச் சாவியை சட்டையின் உள்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டியது.

"வழிய மறிக்கிறது குற்றம்னு தெரியுமா மேடம்?" என்றார் அதிகாரி.

"தெரியும் சார். அம்பது வருஷமா நீங்க மறிச்சீங்க. நான் காலையிலேர்ந்துதான்."