குதிரையை முன்னால் விரட்டுகிறவர்

கௌபாய் வீடியோ கேமில் என் அக்கா வீட்டுக்காரரை எந்தக் கொள்ளைக்காரனாலும் சாய்க்க முடியாது. பள்ளத்தாக்கு வந்ததும் இறங்கிக்கொண்டு குதிரையை மட்டும் முன்னால் விரட்டுவார். பதுங்கியிருப்பவர்கள் அதைச் சுட்டு, தாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பார்கள். இவர் பாறை மறைவிலிருந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவார்.

"குதிரை பாவம் மாமா."

"வேற குதிரை கிடைக்கும் மாப்ள."

நேற்று மழை கொட்டியபோதும் மனிதர் அசையவில்லை. கொடியில் கிடந்த துணியெல்லாம் தொப்பலாக நனைந்தது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்த அக்கா திரும்பி வந்து, ஈரத்துணியை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதற்குப் பிறகு உள்ளே சத்தமே இல்லை.

"மாப்ள, தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி கொண்டு வாயேன்" என்று குழைந்தார் மாமா.

மடையன், நான் போனேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து ஈரத்துண்டு பளாரென்று முகத்தில் விழுந்தது. அக்கா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

"குதிரை வந்தாச்சு. துரை எங்கே?"