படகில் எழுந்து நின்ற இளைஞர் தலைவர்

எங்கள் பள்ளிக்கூடம் பாரிங்கோ ஏரிக்குள் இருக்கிறது. நாங்கள் ஏரிக்குப் போகவில்லை. மழை தறிகெட்டுப் பெய்ததில் ஏரிதான் எங்களைத் தேடி வந்தது. ஆறாம் வகுப்பு ஜன்னலோரம் ஒரு முதலை ஒழுங்காகப் பாடம் கேட்கிறது.

தண்ணீர் ஏறினால் பள்ளியை மேட்டுக்கு மாற்றியே தீரவேண்டும் என்று சட்டம் கேட்டுப் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்க் கத்தினார்கள். கடைசியில் தலைநகர் நைரோபியிலிருந்து, சட்டத்துக்குக் கருத்துக் கேட்கும் நாடாளுமன்றக் குழு எங்கள் வகுப்பறைக்கே வந்தது. பிள்ளைகள் சார்பில் பேசப்போவது என் மாணவி ஜெப்கெமெய். போன மழையில் பள்ளிக்கு வரும் வழியில் அவள் தம்பியைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. அதைச் சொல்லத்தான் காத்திருந்தாள்.

எங்கள் ஊர்க் கூட்டங்களில் பெரியவர்கள் முடித்த பிறகுதான் சிறியவர்கள். விருந்தாளி எழாமல் யாரும் எழக்கூடாது. முதலில் பாஸ்டர், பிறகு ஊர் சீஃப், பிறகு இளைஞர் அணித் தலைவர் கண்டியே. இளைஞருக்கு வயது அறுபத்தொன்று.

"இளைஞர்களாகிய நாங்க..." என்று தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. தண்ணீர் நாற்காலிக் கால்களில் ஏறியது. எல்லாரும் மரியாதையாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். சோடா பாட்டில்கள் மிதந்து போயின.

"டீச்சர், என் முறை எப்ப?" என்று ஜெப்கெமெய் காதைக் கடித்தாள்.

"இளைஞர் முடிக்கட்டும்டி" என்றேன்.

முதலை உள்ளே வந்தது. அப்போதுதான் குழுத் தலைவர் எழுந்தார். பிள்ளைகளைக் கரை சேர்க்கும் ஒரே படகில் குழுவும் கண்டியேயும் ஏறிக்கொள்ள, நாங்கள் பெஞ்சின்மேல் பெஞ்சு போட்டு நின்றோம்.

படகு நகர்ந்ததும் குழுத் தலைவருக்கு ஞாபகம் வந்தது. "ஐயோ, ஒரு குழந்தையாவது பேசணும்னு விதி இருக்கே! ஏம்மா, சட்டுனு சொல்லு!"

ஜெப்கெமெய் வாயைத் திறந்தாள். அதற்குள் கண்டியே படகில் எழுந்து கையை உயர்த்தினார். "இளைஞர் சக்தி வாழ்க!"

படகு ஒருபக்கம் சாய்ந்தது.

"தாத்தா, உட்காருங்க! கவுந்துடும்!" என்று அலறினாள். யார் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தாலும் அவளுக்கு இப்போது பொறுக்காது.

"குழந்தை பேசியாச்சு, பதிவாச்சு!" என்றார் குழுத் தலைவர், நிம்மதியாக.

மூன்றே மாதத்தில் சட்டம் வந்துவிட்டது. பிள்ளைகள் வாயால் கேட்டு வந்த முதல் சட்டமாம். ஏரிப் படகுகளில் யாரும் எழுந்து நிற்கக்கூடாது.

நேற்று பெஞ்சின்மேல் நின்று அதை வகுப்புக்கு வாசித்தேன். ஜெப்கெமெய் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், என் தம்பி படகுல வரலையே. நடந்துதானே வந்தான்?"