நாளைக்கு நாற்பது தடவை

கனடாவின் வின்னிபெக் நகரில் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டும் லோர்ன் பாவ்லுக், பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் ஆற்றுப் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தினார். "எல்லாரும் வாயை மூடினாத்தான் வண்டி நகரும்" என்று சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். பதினோரு நிமிடம். ஆறு முறை மனநல ஆலோசகரைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடலாம் என்றது நிர்வாகம்.

முதல் இரண்டு முறையும் அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. ஆலோசகர் கிளாரிஸ் ஒரு கேள்வி கேட்பாள். அப்புறம் வாயே திறக்க மாட்டாள்.

"எதுக்கு என் மூஞ்சியவே பாக்குறீங்க?"

"நீங்க எதாவது சொல்லுவீங்கன்னுதான்."

"சொல்ல ஒண்ணுமில்ல. நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல."

"நானும் அப்படிச் சொல்லலையே."

மூன்றாம் முறை வந்த அன்று, காலையிலேயே அம்மாவோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தார். கனத்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கம்மாவுக்கு மறதி நோய். வயசு எண்பத்தாறு. சூப் வெச்சுக் குடுக்குறது நான், மாத்திரை குடுக்குறது நான். கூப்பிடுறது மட்டும் 'நெஸ்டர், நெஸ்டர்'னு. நெஸ்டர் எங்கண்ணன். உறைஞ்ச ஏரி மேல வண்டி ஓட்டிட்டுப் போனான், பனி உடைஞ்சு உள்ள போயிட்டான். நாலு வருஷமாச்சு. தங்கச்சி மார்சியா எங்கயோ தூரத்துல கால்கரில உக்காந்துக்கிட்டு, 'பொறுமையா இருண்ணா'ன்னு போன்ல புத்தி சொல்றா."

"நெஸ்டர்னு கூப்பிட்டா என்ன சொல்லுவீங்க?"

"உள்ளதைச் சொல்லுவேன். 'நான் லோர்ன்மா, நெஸ்டர் செத்துட்டான்.'"

"ஒவ்வொரு தடவையுமா?"

"நாளைக்கு நாப்பது தடவை."

"அவங்க அதைக் கேட்டு மறந்துடுவாங்க. நீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தார். அண்ணனை அடக்கம் செய்த அன்று, வந்தவர்களுக்கு சாண்ட்விச் போதுமா என்று அலைந்ததில் அழ நேரமில்லை அவருக்கு. இப்போது யாரோ ஒருத்தி முன்னால் தோள் குலுங்க அழுதார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

நான்காம் முறை, மார்சியாவிடம் சண்டை போடாமல் எப்படி உதவி கேட்பது என்று இருவருமாகப் பேசிப் பார்த்தார்கள். அப்படியும் சண்டைதான் வந்தது. ஆனால், "மாசத்துல ஒரு வாரம் வர்றேன், போதுமா?" என்று சலித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள் மார்சியா.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள், "நெஸ்டர், வெளிய குளிரா?"

லோர்ன் கோட்டைக் கழற்றினார். "எலும்பு வரைக்கும் இறங்குதும்மா."

"தொப்பி போட்டுக்கடா" என்றாள் அவள், திருப்தியாக.

மறுநாளே பொறுமையிழந்து இரண்டு தடவை கத்திவிட்டார் என்பதும் உண்மை. ஆனாலும் நாற்பது இல்லை.

ஆறாம் முறை முடிந்து எழுந்தவர் கதவைத் திறக்கவில்லை. கையுறையை மாட்டியபடி, கிளாரிஸைப் பார்க்காமல் சிடுசிடுப்பாகவே கேட்டார்:

"அடுத்த செவ்வாக்கிழமை இதே நேரம் உங்களுக்குத் தோதுப்படுமா?"