கயிற்றின் வெளிப்பக்கம்

வாப்பாவின் மையத்துக்கான கபன் துணியைக் கயிற்றுக்கு மேலாக நீட்டினான் இத்ரூஸ். மறுபக்கம் நின்ற பக்கத்து வீட்டு றஹீம் அதைக் கையில் வாங்கவில்லை.

"கீழ வெச்சிட்டுப் பின்னுக்குப் போங்க தம்பி. கைக்குக் கை குடுக்க ஏலாதாம்."

பலாபத்வலையின் அந்த ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் கொலரா கண்டு பத்து நாளாகிறது. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையே சுகாதாரப் பரிசோதகர் வந்து குறுக்கே கயிறு கட்டினார். பதினைந்து நாளைக்கு உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. வெளியிலிருந்து போகிறவர் அங்கேயே தங்கிவிட வேண்டும்.

வாப்பா மௌத்தானது கொலராவில் இல்லை. பழைய மூச்சிழுப்பு. சுபஹு தொழுதுவிட்டுப் பிளேன்டீ கேட்டிருக்கிறார். அது ஆறுவதற்குள் போய்விட்டார்.

கயிறு கட்டிய காலையில் இத்ரூஸ் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பரிசோதகர் பதிவுக் கொப்பியோடு வந்து, இந்த வீடா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, கடையில்தான் படுப்பது, இப்போதுதான் வந்தேன் என்றான். அப்படியானால் உடனே வெளியே போ என்றார் அவர். வாப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகனின் பொய்யை அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

கடையில் காயாத மிளகு கிடக்கிறது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னான். மிளகு கிடந்தது உண்மைதான். அந்த நேரத்தில் அது அவன் நினைவில் இருக்கவில்லை. சற்றுமுன் தூக்கிக்கொண்டு போன பெண்ணின் கால்களைத்தான் அவன் பார்த்திருந்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் கயிற்றடிக்கு வந்து, வாப்பாவின் சாரம் கொடியில் காய்கிறதா என்று பார்ப்பான். காய்ந்தால் திரும்பிப் போவான். அது போதும் என்று தன்னைப் பழக்கிக்கொண்டான்.

"குளிப்பாட்ட நானும் எதிர்வீட்டுப் பலீலும் ஈக்கிறோம், கவலப்படாதீங்க," என்றார் றஹீம். துணியை எடுத்துக்கொண்டார். "வாப்பா எல்லாருக்கிட்டயும் சென்னவர். 'நான்தான் மகன வெளிய நிக்கச் சென்ன, மிளகு பழுதாப் போகும்' எண்டு. பெருமதான் அவருக்கு. எங்கட மகன்மார் உள்ளுக்கே ஈந்தும் ஒரு கோப்பயக் கழுவினதில்ல."

வெளியே நிற்கும்படி வாப்பா அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

இத்ரூஸ் கயிற்றைத் தூக்கினான். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் அவனை நோக்கி ஐந்து விரல்களை விரித்துக் காட்டினார். உள்ளே போனால் இன்னும் ஐந்து நாள். அவன் குனிந்து உள்ளே போனான்.

வீட்டின் பின்புறம் மூன்று பக்கமும் சேலை கட்டி மறைத்திருந்தார்கள். கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு வாளிகளில் இருந்தது. றஹீம் கோப்பையை அவனிடம் கொடுத்தார்.

"மகன் ஈக்கக்குள்ள நான் ஊத்துறது சரியில்ல."

வலது பக்கத்திலிருந்து தொடங்கினான். தோளில் தண்ணீர் விழுந்து பலகையில் ஓடியது. வாப்பாவின் நெஞ்சுக்கூடு இவ்வளவு சிறியதென்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"றஹீம் நானா," என்றான் தலை நிமிராமல். "வாப்பா என்ன வெளிய நிக்கச் செல்லல்ல."

றஹீம் துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியை மறுபடியும் பிழிந்தார்.

"தெரியும். நானும் அண்டைக்குக் கிணத்தடியிலதானே நிண்ட."

பலீல் வேறு பக்கம் பார்த்தார்.

"மெல்லமா ஊத்துங்க தம்பி," என்றார் றஹீம். "மூக்குக்குள்ள போகும்."

பொலிஸ்காரர் பத்தடி பின்னால் வர, ஐந்து பேராகக் கொண்டுபோய் அடக்கிவிட்டு அஸர் தொழுகைக்கு முன் திரும்பினார்கள். உம்மா வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தாள். அவளுக்கு இனி நாலு மாதம் பத்து நாள், கணவனுக்காக இருக்கும் இத்தா. ஒழுங்கை திறந்தாலும் அவள் வெளியே வரமாட்டாள்.

"உன்ட பாய் கட்டிலுக்கு அடியில ஈக்கி," என்றாள். "கயிறு கட்டின ஐயா உள்ளுக்கு வந்து பாய எண்ணினா, இது ஆருட பாய் எண்டு கேப்பாரே. அதான் அண்டைக்கே நான் ஒளிச்சி வெச்ச."

அவன் வாசற்படியில் நின்றான். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். தஸ்பீஹ் மணிகள் அவள் விரல்களில் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

"அல்ஹம்துலில்லாஹ், வந்திட்டாய்தானே," என்றாள் கடைசியில். "பின்னுக்கு யாரோ கூப்பிடுறாங்க. பாரு."

மையத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் ஆக்கி அனுப்புவார்கள். ஆனால் சமைத்ததை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்பது பரிசோதகரின் உத்தரவு. பின்பக்கத்து மதிலின் மேல், உடைக்காத தேங்காய் ஒன்றும் ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலு முட்டையும் இருந்தன. அப்பாலிருந்து பின்வீட்டு நல்லம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"தம்பி, நம்ம லேன்ல எல்லாரும் குடுத்ததுங்க. எல்லாம் தோலோடதான் இருக்கு, கழுவிட்டு எடுத்துக்குங்க. அம்மாவ எழுப்பாதீங்க, நீங்களே அவிச்சுக் குடுங்க. இந்தப் பத்து நாளும் உங்க ஐயாதான் காலையில மதிலுக்கு வந்து, 'எல்லாரும் இருக்கீங்களா'ன்னு கேப்பாரு. 'இருக்கோம்'னு கத்துவோம். இன்னைக்குக் கேக்க ஆளில்ல."

அவன் மதிலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தான். அப்பால் அவள் நடந்து போவது கேட்டது.

அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தான். முட்டைகளை ஒவ்வொன்றாகக் கழுவினான். கடைசி முட்டை, கோழி சற்றுமுன் இட்டது, இன்னும் சூடாக இருந்தது. அதைக் கீழே வைக்காமல், இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கொதிக்கும்வரை நின்றான்.